காட்டேரி அண்ணை

ஒரு சனிக்கிழமை முற்பகல், பாடன் ரயில் நிலையத்தில் சூரிச் ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் பெரிய சூட்கேஸ் ஒன்றை இழுத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார். சுரங்கப்பாதைப் படிகளில் அதைத் தடதடவென்று இறக்கினார். எதிர் மேடையில் ஏறி மணிக்கூட்டைப் பார்த்தார். அங்கே வந்து நின்ற ரயிலில் ஏறாமல், அதே சூட்கேஸோடு திரும்பி என் பக்கத்துக்கே வந்தார். மூச்சு வாங்கியது. வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடியும் ஓடத் தயாரானார். அப்போதுதான் ஆளை அடையாளம் கண்டேன். எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த தமிழர்.

"என்ன அண்ணை, ரயிலை விட்டிட்டியளோ?" என்று கேட்டேன்.

"இல்லைத் தங்கச்சி. ஒரு பிரேதத்தோடை நாலு நிமிசத்துக்குள்ளை மேடை மாறலாமோ எண்டு பாக்கிறன்."

அக்கம் பக்கம் பார்த்தேன். நல்ல வேளை, தமிழ் விளங்குகிற முகம் எதுவும் இல்லை. அவர் என் முகம் போன போக்கைக் கண்டு பதறிப்போய், சூட்கேஸை அங்கேயே திறந்து காட்டினார். உள்ளே இருபது கிலோ அரிசி மூட்டை இரண்டும் பத்துக் கிலோ மா மூட்டை ஒன்றும் இருந்தன.

"ஆள் அம்பத்தைஞ்சு கிலோ. ரத்தம் முழுக்கப் போனால் அஞ்சு கிலோ குறையும்தானே. அதாலை அம்பது வைச்சனான்."

நான் ஒரு வைத்தியரின் பிராக்ஸிஸில், அதாவது கிளினிக்கில், வேலை செய்கிறவள். நாள் முழுக்க ஊசி குத்தி இரத்தம் எடுப்பதுதான் தொழில். வாய் சும்மா இருந்திருக்கலாம். "அம்பத்தைஞ்சு கிலோ ஆளுக்கு நாலு லீற்றர்தான் அண்ணை இருக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

அவருடைய முகம் மலர்ந்ததை இன்றைக்கும் மறக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சின்னக் கொப்பி ஒன்றை எடுத்து எழுதிக்கொண்டார். "அப்ப ஒரு கிலோ மா கூட்ட வேணும்" என்றார். அத்தோடு என் நிம்மதி போயிற்று.

அவர் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தார். சுவிஸ் நகரங்களில் ஆட்களைக் கொன்று ஒரு சொட்டு விடாமல் இரத்தம் குடிக்கும் காட்டேரிகளும், அவற்றைத் துப்புத் துலக்கித் தேடிக் கொல்லும் ஒரு வேட்டைக்காரியும் பற்றிய நாவல். கட்டடத்திலிருந்த நாலைந்து தமிழ்க் குடும்பங்களும் அவரைக் காட்டேரி அண்ணை என்றே சொல்லிக்கொண்டோம். அவருக்கு அது தெரியும். "நான் காட்டேரி இல்லை, அதைப் பிடிக்கிற பக்கம்" என்று திருத்துவார், கோபமில்லாமல். அவருடைய உண்மைப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், எழுத்தெல்லாம் சரிதானா என்று பார்க்க இன்டர்லாக்கனிலிருந்து ரயிலேறி வந்துவிடுவார். இப்போது மகளோடு அங்கேதான் இருக்கிறார்.

அவருக்கு வேலை ஒரு தொழிற்சாலையில். வருகிற உலோகத் துண்டுகளை ஒவ்வொன்றாக அளந்து, மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் ஒதுக்கி வைப்பது. வேலையால் இந்தக் குணம் வந்ததா, குணத்தைப் பார்த்து வேலை கொடுத்தார்களா என்று அவருடைய மனைவியை ஒருமுறை கேட்டேன்.

"தாலிக்கொடியைப் பூட்டிப்போட்டு, வடிவாப் பூட்டுப்பட்டிட்டுதோ எண்டு ரெண்டு தரம் இழுத்துப் பாத்த மனிசன்" என்றார் அவர். "ஐயரே சிரிச்சவர்."

பின்னேரம் நாலு மணிக்கு வேலையால் வந்தால், குளித்துத் தேநீர் குடித்துவிட்டு, சமையலறை மேசையில் பள்ளிக்கூடக் கொப்பியை விரித்து உட்காருவார். ஐந்தரை வரை எழுதுவார். சில நாட்களில் ஒரு வரிதான் வரும். ஏனென்றால், தான் போய்ப் பார்க்காத எதையும் அவர் எழுதமாட்டார். காட்டேரியை எங்கே போய்ப் பார்த்தீர்கள் என்று நான் சீண்டினேன். "அதொண்டுதான் தங்கச்சி பொய். ஒரு பெரிய பொய்யைச் சொல்லுறதெண்டால் சுத்திவர இருக்கிறதெல்லாம் உண்மையா இருக்க வேணும். இல்லாட்டி ஆர் நம்புவினம்?" என்றார். அவர் எழுத்தைப் பற்றிச் சொன்ன ஒரே தத்துவம் அதுதான்.

வேட்டைக்காரியின் பெயர் தவமணி. யாழ்ப்பாணத்துப் பெண், நாற்பத்தாறு வயது, மலை ரயிலில் பெட்டி கூட்டித் துடைக்கிற வேலை. அவளுக்கு மந்திரம் தெரியாது, கராத்தே தெரியாது. முழங்கால் வலி உண்டு. ஆனால், கண்ணில் ஒன்று பட்டால் விடமாட்டாள். முதல் பிணம் கேபிள் காரில் பனிச்சறுக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்தபடி மேலும் கீழுமாக நாள் முழுக்கப் போய்வருகிறது. யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் அதற்கு வணக்கம் சொல்லிவிட்டு இறங்குகிறார்கள். இரண்டாவது பிணம் டாவோஸ் ஹோட்டல் ஒன்றின் குளிர் அறையில் வெட்டிய பன்றிகளுக்கு நடுவில் கொக்கியில் கொளுவித் தொங்குகிறது. சமையற்காரன் கத்தியோடு கிட்டப் போகும் இடத்தை வாசித்தபோது கொப்பியை மூடி வைத்துவிட்டேன். இரத்தம் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

அந்தக் குளிர் அறை உண்மையானது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் டாவோஸில் ஐந்து வருடம் கோப்பை கழுவியவர் அவர். ஆனாலும், நினைவை நம்பவில்லை. மார்கழியில் மலைக்குப் பின்னால் சூரியன் மறைவது எப்போது என்று பார்க்க ஒரு நாள் லீவு போட்டு, அரைக் கட்டண அட்டையில் டாவோஸ் போனார். சூரியன் மறைந்த பிறகுதானே காட்டேரி வெளியே வரலாம். மத்தியானச் சாப்பாடு முடிந்த கொஞ்ச நேரத்திலேயே தெருவில் நிழல் விழுந்துவிட்டதாம். எந்தக் கடை வாசலில் எத்தனை மணிக்கு விழுந்தது என்று நிமிடக் கணக்கில் சொன்னார். எனக்கு மறந்துபோயிற்று. "அப்ப டாவோஸ் காட்டேரியளுக்கு நல்ல இடம், அரைநாள் வேலை செய்யலாம்" என்றார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

உள்ளிப் பிரச்சினையில் மட்டும் இரண்டு மாதம் கதை நின்றது. உள்ளிப்பூண்டு மணத்துக்குக் காட்டேரி கிட்ட வராது என்பது உலகத்துக்கே தெரியும். உள்ளி இல்லாத தமிழ் வீடு எங்கே இருக்கிறது? எந்தத் தமிழன் கழுத்தைக் காட்டேரி கடிப்பது? கடைசியில் விடை கிடைத்தது. மேல்வீட்டுக்காரர் சமையல் மணம் என்று முறைப்பாடு எழுத, பயந்துபோய் உள்ளி போடுவதை நிறுத்திய ஒரு குடும்பம். அந்த வாரமே கடி விழுகிறது. அதை வாசித்துவிட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இன்னொரு சட்டமும் இருந்தது. வீட்டுக்காரர் வாயால் "வாங்கோ" என்று கூப்பிடாவிட்டால் காட்டேரி வாசல்படி தாண்ட முடியாது. "அதாலை சுவிஸ்காரர் தப்பியிட்டினம். அவை ஒருத்தரையும் கூப்பிடாயினம். எங்கடை ஆக்கள் பெல் அடிச்சால் ஆரெண்டும் பாக்காமல் 'வாங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ' எண்டுவினம். சரி, சாவுதான்." இதைச் சொல்லும்போது அவருடைய மனைவி எனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாவின் பொறுமையைப் பற்றித் தனியே எழுதவேண்டும். தவமணியின் ஆயுதம் அகப்பைக் காம்பு. அது நெஞ்சில் இறங்குமா என்று பார்க்க, உறைந்த ஆட்டுத்தொடை ஒன்றை வாங்கிவந்து பல்கனியில் வைத்துக் குத்தினார் மனிதர். முதல் நாள் இறங்கவில்லை. உறைவு இளகியபின் குத்தினார், இறங்கியது. மனைவி குத்துப்பட்ட தொடையைக் கழுவி, பிரட்டல் கறி வைத்து எங்களுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினார். "நெஞ்சு எண்டு நினையாமல் சாப்பிடுங்கோ" என்று சொல்லி.

இப்படியே போயிருந்தால் இது வெறும் சிரிப்புக் கதைதான். ஆனால், அவருக்கு ஒரு பெரிய தேவை இருந்தது. யாழ்ப்பாணத்தில் அவருடைய மூத்த சகோதரி தனியே இருந்தார். தாய் சீக்கிரம் போனபின் இவரைத் தூக்கி வளர்த்தவர். நீரிழிவில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். அடுத்த காலும் நிறம் மாறுகிறது என்று படம் அனுப்பியிருந்தார்கள். அந்தப் படத்தை என்னிடம் காட்டி, "உண்மையைச் சொல்லும் தங்கச்சி, எவ்வளவு காலம்?" என்று கேட்டார். முப்பது வருடமாக அவர் அக்காவை நேரில் பார்க்கவில்லை. அகதிக்குக் கொடுக்கும் நீலப் பயணப் புத்தகம்தான் அவரிடம் இருந்தது. "இதை வைச்சுக்கொண்டு உலகம் முழுக்கப் போகலாம், ஒரு நாட்டைத் தவிர" என்று அதன் முதல் பக்கத்தைத் தட்டிக் காட்டுவார். சுவிஸ் குடியுரிமை கிடைத்தால்தான் போகலாம்.

ஒருமுறை விண்ணப்பித்துத் தோற்றிருந்தார். பாடனுக்குப் பக்கத்தில் எங்களுடையது சின்ன கெமைண்டே, நம்மூர் ஊராட்சி மாதிரி. விண்ணப்பித்தவரை ஊர்க்குழு கூப்பிட்டு விசாரிக்கும். அவருக்கு மாநிலங்கள் எல்லாம் தெரிந்திருந்தன, ஆறுகள் எல்லாம் தெரிந்திருந்தன. குழுவினருக்கே தெரியாத ஓர் ஆற்றின் நீளத்தையும் சொன்னாராம். பிறகு, ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். நெடுநேரம் யோசித்துவிட்டு, "ஒன்றுமில்லை" என்றிருக்கிறார். ஊரோடு ஒட்டவில்லை, இரண்டு வருடம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

"ஏன் அண்ணை, புத்தகம் எழுதுறன் எண்டு சொல்லியிருக்கலாமே?"

"இன்னும் முடியேல்லையே. முடியாத ஒண்டை எப்பிடிப் புத்தகம் எண்டு சொல்லுறது?"

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. நான் அந்தக் குழுவைத் தாண்டிப் பாஸ்போர்ட் எடுத்தவள். மலை ஏறுவது பிடிக்கும் என்று புளுகினேன். ஏறியதெல்லாம் கேபிள் காரில். அதையே சொல்லுங்கள் என்று புத்தி சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சப்பாத்து வாங்கி, ஒரு மலையில் உண்மையாகவே ஏறிவிட்டு, குதிகால் கொப்புளத்தோடு வந்து நின்றார். "ஏறிப் பாத்தன் தங்கச்சி. எனக்குப் பிடிக்கேல்லை. அப்ப அது என்ரை பொழுதுபோக்கு இல்லை."

இரண்டாவது முறை விண்ணப்பித்தார். பெயர் ஊர்ப் பத்திரிகையில் வந்தது. ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதலாம் என்று ஒரு மாதம் தருவார்கள். அந்த ஒரு மாதத்துக்குள் யாருக்கும் தும்மல்கூடக் கேட்கக்கூடாது என்று நாங்களெல்லாம் பிள்ளைகளை அடக்கி வைப்போம். இவர் அந்த மாதத்தில்தான் மூன்றாவது கொலைக்கு வந்திருந்தார்.

எங்கள் ஆட்கள் சேர்ந்து ஒரு விவசாயியிடம் ஆடு வாங்கிப் பங்கு போடுவது வழக்கம். எல்லோரும் இறைச்சிப் பங்கோடு வர, இவர் இரத்த வறை சமைக்க என்று சொல்லி இரத்தத்தைத் தயிர் வாளியில் வாங்கி வந்தார். மூன்று வெள்ளைச் சட்டைகளின் கழுத்துப் பட்டியில் அதைத் தடவி, கட்டடத்தின் பொதுச் சலவை அறையில், தன்னுடைய முறை நாளில், ஒன்றை அறுபது பாகையில், ஒன்றை முப்பதில், ஒன்றைப் பச்சைத்தண்ணீரும் உப்பும் போட்டுத் தோய்த்தார். கொலைகாரன் சட்டை தோய்க்கும் காட்சிக்கு எது சரிவரும் என்று பார்க்க. மெசினைத் துடைத்தார், வடிகட்டியைக் கழுவினார், தரையைக்கூட உலர்த்தினார். சுவிஸ்காரர்கூட அவ்வளவு சுத்தமாக விடமாட்டார்கள். ஆனால், சட்டைகளை உலர்த்தும் அறையில் வரிசையாகத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றிலும் இத்தனை பாகை என்று துண்டு எழுதிக் குத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

அதைக் கண்டது மூன்றாம் மாடி அம்மா. தனியாக இருந்த வயதான சுவிஸ்காரி. படிக்கட்டில் வணக்கத்துக்கு மேல் ஒரு சொல் வராது. சலவை அறை விதிகளைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியவர் அவர்தான். கழுத்தில் இரத்தக் கறையோடு இலக்கம் போட்ட மூன்று வெள்ளைச் சட்டைகள்! படம் எடுத்தார். கெமைண்டேக்கு ஒரு கடிதமும் எழுதினார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். நானாக இருந்தால் பொலிஸுக்கே போயிருப்பேன்.

குழு மறுபடியும் கூப்பிட்டது. படத்தை மேசையில் வைத்தார்களாம். "நான் என்ன சொல்லுறது? ஆட்டு ரத்தம், அறுபது பாகை சரிவராது, கறை ஒட்டியிடும் எண்டு விளங்கப்படுத்தினன்" என்றார் என்னிடம். பிறகு வேறு வழியில்லாமல் நாவலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தலைவர், ஓர் அத்தியாயத்தை ஜெர்மன் மொழியில் கொண்டுவந்து கொடுங்கள் என்றார்.

மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது. கேபிள் கார் பிணத்தைக் கொடுப்போம், பகிடியாக இருக்கும் என்றேன். "அவை கேட்டது சட்டையைப் பற்றி. சட்டை வாற அத்தியாயத்தைத்தானே குடுக்க வேணும்" என்று ஒற்றைக்காலில் நின்றார். கொப்பியை வாங்கி வாசித்தேன்.

மூன்றாவது பிணம் மூன்றாம் மாடி அம்மா. பெயர் மட்டும் இல்லை. மற்றதெல்லாம் அவரேதான். நீல வீட்டுச் செருப்பு, அதில் இடது குதி தேய்ந்தது. பெரிய துணியிலிருந்து சின்னத் துணி வரை அளவு வரிசையில் கொடியில் போடும் பழக்கம். உலர்த்தும் அறைத் தரையில், வெளிறி, உடம்பில் ஒரு சொட்டு இரத்தம் இல்லாமல் கிடக்கிறார்.

"ஏன் அண்ணை அந்த மனிசியைக் கொலை செய்தனீங்கள்?"

"வேறை வழியில்லைத் தங்கச்சி. அவ ஒருத்தரையும் வீட்டுக்கை கூப்பிடமாட்டா. அப்ப காட்டேரி வீட்டுக்கை போகேலாது. உலர்த்திற அறை எல்லாருக்கும் பொது. அங்கை ஆரும் கூப்பிடத் தேவையில்லை."

"நான் ஜெர்மனிலை ஆளை மாத்தி எழுதிவிடுறன். ஒரு கிழவர் எண்டு போடுவம். செருப்பைக் கறுப்பாக்குவம்."

"நீலம்" என்றார்.

"அண்ணை, உங்கடை அக்காவை நினையுங்கோ! முறைப்பாடு எழுதினதே அவதான். தான் செத்துக் கிடக்கிறதை அவ அறிஞ்சால் இந்த ஜென்மத்திலை உங்களுக்குப் பாஸ்போர்ட் கிடையாது."

அவர் கொப்பியை மூடினார். அக்காவின் பெயரை எடுத்தது தவறு என்று எனக்கே பட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார். "நினைச்சுத்தான் சொல்லுறன். பொய்யைக் குடுத்து வாங்கின பாஸ்போர்ட்டோடை அவவுக்கு முன்னாலை போய் நிக்கேலாது. என்னை அவ அப்பிடி வளக்கேல்லை."

நீலச் செருப்பை நீலமாகவே மொழிபெயர்த்தேன். அதோடு விட்டாரா? இன்னொரு பிரதி எடுத்துத் தாருங்கள் என்றார். எதற்கு என்று கேட்டேன். மூன்றாம் மாடிக்குக் கொடுக்கவாம். "செத்த ஆளுக்குத் தெரியாமல் கொல்லுறது முறையில்லை." என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். அவருடைய மனைவி பொரித்த ரோல்ஸ் எட்டை ஒரு பெட்டியில் வைத்து, மேலே அத்தியாயத்தை வைத்து, மனிதர் படியேறிப் போனார். நான் என் வீட்டுக் கதவு ஓட்டையால் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றே நிமிடத்தில் இறங்கி வந்தார். அந்த அம்மா பெட்டியை வாங்கினாராம், கதவைச் சாத்தினாராம். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் ஒரு சத்தமும் இல்லை. கழுவிய பெட்டி மட்டும் இரண்டாம் நாள் கீழ்வீட்டு வாசலில் இருந்தது.

குழு அத்தியாயத்தை வாங்கிக்கொண்டு, விஷயத்தை ஊர்க்கூட்டத்துக்கு விட்டது. பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில், ஆனி மாதத்து வெளிச்சமான ஒரு மாலை. வாக்குரிமை உள்ளவர்கள் கையை உயர்த்தித் தீர்மானிப்பார்கள். கழிவுநீர்க் குழாய் பற்றி ஒரு மணிநேரம் சண்டை பிடித்தார்கள். பிறகு குடியுரிமை. விண்ணப்பித்தவர்கள் வெளியே போகவேண்டும். அவரும் மனைவியும் எழுந்து நடைபாதைக்குப் போனார்கள். போகும்போது மேசையிலிருந்த தன் தண்ணீர்க் குவளையை ஓரமாகத் தள்ளி வைத்தார், யாரும் தட்டிவிடாமல். மண்டபத்தில் நான் மட்டும்தான் தமிழ்.

தலைவர் விண்ணப்பத்தை வாசித்தார். ஒரு முறைப்பாடு வந்தது, விளக்கம் பெறப்பட்டது என்றார். யாருக்காவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். மூன்றாம் மாடி அம்மா எழுந்தார். கையில் என்னுடைய மொழிபெயர்ப்பு. நான் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"கடிதம் எழுதியது நான்தான்" என்றார். "இந்த அத்தியாயத்தை வாசித்தேன். இதில் நான் செத்துவிட்டேன்."

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தார்.

"செருப்பு நீலம் என்று இருக்கிறது. நீலம்தான். இடது குதி தேய்ந்தது என்று இருக்கிறது. கழற்றிப் பார்த்தேன், இடதுதான். எனக்கே தெரியாது. யாரும் வந்து தங்காவிட்டாலும் நான் இரண்டு தலையணை உறைகளையும் இஸ்திரி போடுகிறேன் என்று எழுதியிருக்கிறார். அதுவும் உண்மை. பிணத்தைக் கண்டதும் அந்த வேட்டைக்காரி முதலில் கொலைகாரனைத் தேடி ஓடவில்லை. எனக்குக் குளிரும் என்று ஒரு படுக்கை விரிப்பை எடுத்துப் போர்த்துகிறாள்." தாளைப் புரட்டினார். "ஒரு பிழை இருக்கிறது. என்னை வியாழக்கிழமை கொன்றிருக்கிறார். என் சலவை முறை வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை நான் அங்கே இருக்கவே முடியாது."

இப்போது மண்டபமே சிரித்தது. அவர் தாளை நாலாக மடித்தார்.

"முப்பத்தொரு வருடம் அந்தக் கட்டடத்தில் இருக்கிறேன். இவ்வளவு கவனமாக என்னை ஒருவரும் பார்த்ததில்லை, என் மகன்கூட. இந்த மனிதர் ஊரோடு ஒட்டவில்லை என்று போனமுறை சொன்னீர்களாம். அப்படியென்றால் நாங்களெல்லாம் ஒட்டியிருக்கிறோமா?"

உட்கார்ந்துவிட்டார். முதலில் உயர்ந்தது அவருடைய கை.

கதவைத் தள்ளிக்கொண்டு நடைபாதைக்கு ஓடினேன். பிள்ளைகள் உட்கார்ந்து சப்பாத்து மாற்றும் பதிந்த வாங்குப் பலகையில் முழங்கால் மடங்க இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஓம் எண்டிட்டினம் அண்ணை!"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். அவர் எழுந்தார்.

"எத்தினை பேர்?"

"என்ன?"

"எத்தினை பேர் கை உயர்த்தினவை?"

"கனபேர் அண்ணை. பெரும்பான்மை, எண்ணத் தேவையில்லை எண்டிட்டினம். நானும் எண்ணேல்லை. அழுதுகொண்டிருந்தனான்."

உள்ளே போய் யாரிடமாவது கேட்பார் என்று நினைத்தேன். போகவில்லை. திரும்ப வாங்கில் உட்கார்ந்தார். மூன்றாம் மாடி அம்மா கதவைத் திறந்து வந்து எங்களுக்குத் தலையசைத்துவிட்டுப் போனார். வியாழக்கிழமைப் பிழையை அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை. மனிதர் உடைந்துபோவார்.

தொலைபேசியை எடுத்தார். அங்கே நடுச்சாமம் ஆகியிருக்குமே என்றேன். "அவ முழிச்சிருப்பா" என்றார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். அக்காவின் குரல் எனக்கும் கேட்டது, மெலிந்த குரல்.

"என்னடா, தந்திட்டினமோ? எப்ப வாறாய்?"

இனி மாநிலம் பார்க்கவேண்டும், பிறகு தலைநகர் பேர்ண் பார்க்கவேண்டும், ஒரு வருடம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். இது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். எந்தக் கடிதம் எந்த அலுவலகத்தில் எத்தனை வாரம் கிடக்கும் என்று கொப்பியில் எழுதி வைத்திருந்தவர்.

"வாறன் அக்கா" என்றார். அக்கா மறுபடியும், எப்போது என்று கேட்டார். அவர் கொப்பியை எடுக்கவில்லை.

"வாறன். நீ படு. நான் வாறன்."